ஜூன் மாதத்து மே பால்: பட்டுப் புடவையா, கவுனா?

வைகைக்கரை · ஜூன் 7, இரவு 11.40

வணக்கம். கேம்பிரிட்ஜில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 12-ஆம் தேதி கடைசித் தாள். 25-ஆம் தேதி எங்கள் கல்லூரியில் மே பால். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "ஜூன் மாதத்தில் மே மாதத்துப் பாலா? திரிந்து போயிருக்காதா?" என்று கேட்டார். அது நடன விருந்து என்று விளக்கி முடிப்பதற்குள் புடவைக்குத் தாவிவிட்டார்.

முதலாம் ஆண்டு வந்தபோது அம்மாவின் பட்டுப்புடவை ஒன்று என் பெட்டியில் ஏறிக்கொண்டது. அரக்கு நிறம், பச்சைக் கரை, அசல் காஞ்சிபுரம். மூன்று ஆண்டுகளாக அந்துருண்டை வாசத்தோடு அலமாரியில் கிடக்கிறது. அழைப்பில் "பிளாக் டை அல்லது தேசிய உடை" என்று போட்டிருக்கிறார்கள். பிளாக் டை என்றால் ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டும் பட்டாம்பூச்சி டையும், பெண்களுக்கு நீளக் கவுனும். தேசிய உடையும் உண்டு, ஆகவே விதிப்படி புடவைக்குத் தடையில்லை.

எங்கள் கூட்டம் ஐந்து பேர். வேல்ஸ் தோழியும் நைஜீரியத் தோழியும் கவுன். ஹாங்காங் பையன் கோட். கொழும்புத் தமிழ்ப் பையன் இன்னும் முடிவு செய்யவில்லை. அன்று மாலை எல்லோரும் என் அறையில் கூடித் தயாராவதாகத் திட்டம். என் அறைதான் பெரியது, அதாவது மூன்று பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம். புடவை கட்டினால் எட்டு மணி நேரம் தாங்குமா? பனியில் புல்வெளி, ராட்டினம், கார் மோதும் விளையாட்டு எல்லாம் உண்டாம். அல்லது பேசாமல் நானும் ஒரு கவுன் வாங்கிவிடலாமா? படிக்க வேண்டிய நேரத்தில் இதைக் கேட்கிறேன் என்று தெரியும். படிக்க முடியாததால்தான் கேட்கிறேன்.

மில்ரோடு_அக்கா · ஜூன் 8, காலை 7.15

புடவைதான். நான் இரண்டு முறை புடவையில் போயிருக்கிறேன், ஒரு முறை கவுனில். கவுனில் போன இரவில்தான் அதிகம் அவதிப்பட்டேன்; தோளில் நிற்காத உடையை இரவெல்லாம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தேன். புடவையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சில விஷயங்களை முன்பே செய்து வைத்துக்கொள்.

கரையை வழக்கத்தைவிட ஓர் அங்குலம் தூக்கிக் கட்டு. இரவு ஒரு மணிக்குமேல் புல்லில் பனி இறங்கிவிடும்; ஜரிகைக் கரை நனைந்தால் கனத்து, காலைச் சுற்றிக்கொள்ளும். குதிகால் செருப்பு வேண்டவே வேண்டாம், புல்தரையில் ஆணி அடித்ததுபோல இறங்கிவிடும். தட்டையான செருப்பு போதும், புடவைக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள்? முந்தானையை மடித்துத் தோளில் இரண்டு ஊக்கு, இடுப்பில் ஒன்று. கார் மோதும் விளையாட்டில் முந்தானை தொங்கிக்கொண்டிருந்தால் ஆபத்து, விளையாட்டாகச் சொல்லவில்லை.

முக்கியமானது கொசுவம். நீ மேலே பிடித்து மடிக்கும்போது கீழே உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பையும் நீவிவிட ஓர் ஆள் வேண்டும். ஊரில் அம்மா, சித்தி என்று யாராவது இருப்பார்கள். இங்கே உன் வேல்ஸ் தோழிக்கு இரண்டு நாள் முன்பே பயிற்சி கொடு. அன்றைக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தால் நடக்காது.

கேம்கரைக்_கொக்கு · ஜூன் 8, காலை 10.02

அக்கா சொன்ன செய்முறை எல்லாம் சரி. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. இந்த ஊரில் எங்கே விழா என்றாலும் நம் பெண்கள் புடவையில்தான் வர வேண்டும் என்று ஓர் எழுதாத சட்டம் இருக்கிறது. பட்டமளிப்பா, புடவை. கல்லூரி விருந்தா, புடவை. நாம் என்ன, நடமாடும் சுற்றுலாத் துறையா? வரிசையில் நிற்கும் இரண்டு மணி நேரமும் "எவ்வளவு அழகு, இது எத்தனை மீட்டர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தீர்ந்துபோகும். கவுன் போட ஆசையிருந்தால் போட்டுவிடுங்கள் தங்கச்சி. பர்லி தெருவில் தொண்டு நிறுவனங்களின் பழைய துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது ஒருமுறை மட்டுமே உடுத்திய கவுன்களை அங்கே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என் தோழி சென்ற ஆண்டு 18 பவுண்டுக்கு ஒன்று எடுத்தாள். தைத்துப் போட்டதுபோல இருந்தது.

பழைய_கணக்கு · ஜூன் 8, மதியம் 1.30

புடவை, கவுன் எல்லாம் இருக்கட்டும். டிக்கெட் என்ன விலை என்று யாரும் பேசவில்லையே. இப்போது பெரிய கல்லூரிகளில் 200 பவுண்டைத் தாண்டிவிட்டது. நான் 1998-இல் உதவித்தொகையில் படித்தேன். அந்தப் பணத்தில் எனக்கு ஒரு மாதச் சாப்பாடு ஓடிவிடும். நான் போனது கொண்டாட அல்ல, கண்ணாடிக் கோப்பை கழுவ. இரவெல்லாம் கழுவினேன். விடியற்காலையில் ஒரு பெண், கையில் செருப்போடு, வெறுங்காலில் சமையலறைப் பக்கம் வந்து தண்ணீர் கேட்டாள். மே பால் என்றால் எனக்கு நினைவிருப்பது அந்தப் பாதங்கள்தான். பச்சையாக இருந்தன, புல் அரைத்து அப்பியதுபோல.

போகாதே என்று சொல்லவில்லை. போகிறவர்கள் கணக்குத் தெரிந்து போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

யாழ்க்கிளி · ஜூன் 8, மாலை 6.48

பழைய கணக்கு அண்ணா, இப்போது அதற்கும் வழி இருக்கிறது. பல கல்லூரிகளில் பாதி இரவு வேலை, பாதி இரவு கொண்டாட்டம் என்று ஆள் எடுக்கிறார்கள். என் மகள் அப்படித்தான் போனாள். நள்ளிரவுவரை உணவுக் கடையில் நின்றுவிட்டு, பிறகு உடுப்பு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் மட்டும் கவனம், பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேர வரம்பு இருக்கிறது.

தங்கச்சி, சீலைக்குப் பூ வேண்டாமா? கேம்பிரிட்ஜில் மல்லிகைச் சரம் கிடைக்காது. லண்டன் கிங்ஸ் கிராஸ் வந்து, அங்கிருந்து ஒரே ரயிலில் ஈஸ்ட் ஹாம் போகலாம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நம் கடைகளில் கேட்டுப் பார். ஈரத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை நிற்கும். சப்பாத்து விஷயத்தில் மில்ரோடு அக்கா சொன்னதற்கு நூறு மார்க்.

வைகைக்கரை · ஜூன் 9, அதிகாலை 1.10

எல்லோருக்கும் நன்றி. டிக்கெட் ஜனவரியிலேயே வாங்கிவிட்டேன். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் விமானத்தை ஒரு மாதம் தள்ளி, விலை குறைந்த தேதிக்கு எடுத்து, அந்த மிச்சத்தில் வாங்கினேன். கோப்பை கழுவிய கதையைப் படித்தபின் கொஞ்ச நேரம் குற்ற உணர்ச்சியாக இருந்தது. பிறகு வெப்ப இயக்கவியல் புத்தகத்தைத் திறந்தேன், அது போய்விட்டது.

கொக்கு அண்ணா, நீங்கள் சொன்னது மனத்தில் தைத்தது. முதலாம் ஆண்டு ஒரு விருந்தில் சல்வார் போட்டுப் போய், "திருமணத்துக்குப் போகிறாயா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். அதற்குப் பிறகு எதற்கும் கறுப்பு உடைதான்.

வெள்ளவத்தை_வேந்தன் · ஜூன் 9, காலை 9.33

மேலே சொன்ன "இன்னும் முடிவு செய்யாத கொழும்புப் பையன்" நான்தான். தோழி என்னை இங்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் பிரச்சினை இரண்டு. பட்டு வேட்டி, சால்வை என்று போகலாமா? அல்லது கோட்டு என்றால், அந்தக் கழுத்துப் பட்டாம்பூச்சியைக் கட்டுவது எப்படி? ஒட்டிக்கொள்ளும் வகை வாங்கினால் கேவலமாகப் பார்ப்பார்களா?

கேம்கரைக்_கொக்கு · ஜூன் 9, பகல் 12.20

தம்பி, வேட்டியில் போகத் தடை இல்லை. தேசிய உடைதான். ஆனால் விடியற்காலையில் இந்த ஊர் 10 டிகிரி வரை இறங்கும். வேட்டிக்குள் காற்று எப்படி நுழையும் என்று உனக்கே தெரியும். உள்ளே கம்பளிக் கால்சட்டை போட்டுக்கொள்வதானால் தாராளமாகப் போ.

கோட்டு என்றால் கட்டும் டை வாங்கு. ஒட்டும் வகையைக் கேவலமாகப் பார்ப்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. விடியற்காலையில் அதை அவிழ்த்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம்; பாதிப் பையன்கள் டை கட்டுவதே அந்த ஒரு கணத்துக்காகத்தான். கட்டும் முறை: கழுத்தில் போடு, இடப்பக்க முனை ஒன்றரை அங்குலம் நீளமாக இருக்கட்டும். நீள முனையைக் குட்டை முனைக்கு மேலே குறுக்காகப் போட்டு, கழுத்தடியில் நுழைத்து மேலே இழு. அதுவரை சாதாரண முடிச்சுதான். இப்போது குட்டை முனையைப் பட்டாம்பூச்சி மாதிரி மடித்துக் கழுத்துக்குக் குறுக்கே பிடி. நீள முனையை அதன் நடுவில் முன்பக்கமாகத் தொங்கவிடு. பிறகு அந்த நீள முனையையும் அதே மாதிரி மடித்து, முன்னே இருக்கும் மடிப்புக்குப் பின்னால் உருவாகியிருக்கும் துளைக்குள் விரலால் தள்ளு. இந்தத் துளையைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். கண்ணாடியில் பார்த்துச் செய்யாதே, இடது வலது குழம்பும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்கு மேலே தொடையில் கட்டிப் பழகு. கழுத்தும் தொடையும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. ஷூ நாடா கட்டுவதும் இதுவும் ஒரே முடிச்சுதான் என்பது புரியும் நாளில் உனக்குக் கை வந்துவிடும்.

இடுப்பில் கட்டும் அந்தப் பட்டைக்கு மடிப்புகள் மேல்நோக்கி இருக்க வேண்டும். அதன் பெயரைக் கவனித்தாயா? கமர்பண்ட். பாரசீகக் கமர்பந்துதான், கமர் என்றால் இடுப்பு. இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள், வெயிலுக்கு வெயிஸ்ட்கோட் தாங்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டது. அதை இப்போது நமக்கே வாடகைக்கு விடுகிறார்கள்.

பழைய_கணக்கு · ஜூன் 9, மாலை 5.05

பிளாக் டை என்றால் தப்பித்தீர்கள். மாக்டலின், பீட்டர்ஹவுஸ் போன்ற சில கல்லூரிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பால், அதற்கு வைட் டை. வால் வைத்த கோட்டு, வெள்ளை வெயிஸ்ட்கோட், வெள்ளை டை. வெயிஸ்ட்கோட் கோட்டுக்குக் கீழே ஒரு நூல் எட்டிப் பார்த்தாலும் குற்றம் என்பார்கள்.

பெயர்க் கதையும் சொல்லிவிடுகிறேன், அம்மா மறுபடி கேட்டால் உதவும். ஒரு காலத்தில் இந்த பால்கள் நடக்கும் மே வாரம் உண்மையிலேயே மே மாதத்தில், தேர்வுக்கு முன்பு வந்தது. பிறகு தேர்வு முடிந்து ஜூனில் என்று மாற்றினார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. கொண்டாட்டத்தின் வேர் படகுப் பந்தயத்தில் இருக்கிறது. கேம் நதி குறுகல், இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் ஓட முடியாது. ஆகவே வரிசையாக விட்டு, பின்னால் வருகிற படகு முன்னால் போகிற படகை இடித்தால் வெற்றி என்று வைத்தார்கள். இடித்தவர்கள் விருந்து வைத்தார்கள். டிரினிட்டி கல்லூரியின் படகு மன்றம் 1866 முதல் பால் நடத்துகிறது, உலகப் போர், பெருந்தொற்று போன்ற சில ஆண்டுகளைத் தவிர.

டிரினிட்டி என்றதும் ராமானுஜன் ஞாபகம். 1914-இல் வந்த மனிதர், குளிரில் மேல்கோட்டும் சால்வையும் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார். கம்பளிகள் எல்லாம் படுக்கை விரிப்புக்கடியில் செருகியே இருந்தன; உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்வார் இல்லை. அப்போது கேம்பிரிட்ஜில் படித்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் வந்து காட்டினாராம். ஆகவே பிள்ளைகளே, சால்வை கொண்டு போங்கள், வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாழ்க்கிளி · ஜூன் 9, இரவு 8.12

கொக்குத் தம்பி "நடமாடும் சுற்றுலாத் துறை" என்று எழுதியதைக் காலையில் இருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் 1990-இல் இந்த நாட்டுக்கு வந்தேன். முதல் பத்து ஆண்டுகள் சீலை உடுத்தி பஸ்ஸில் ஏறவே கூச்சப்பட்டேன். இப்போது ஒரு பிள்ளை மாளிகை மாதிரி ஒரு கல்லூரிக்குள் பட்டுச் சீலையில் போகலாம் என்கிறபோது, வேண்டாம் என்று நீங்கள் சொல்வது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

கேம்கரைக்_கொக்கு · ஜூன் 9, இரவு 8.40

அக்கா, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் என்று யாரும் நினைக்கக் கூடாது என்றேன். நீங்கள் கூச்சத்தால் உடுத்தவில்லை, இப்போதைய பிள்ளைகள் சிலர் எதிர்பார்ப்பால் உடுத்துகிறார்கள். இரண்டிலும் பிள்ளைக்கு விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

யாழ்க்கிளி · ஜூன் 9, இரவு 8.55

அவள்தானே தம்பி இழையைத் தொடங்கினாள். கேட்காமலா எழுதுகிறோம்?

மில்ரோடு_அக்கா · ஜூன் 9, இரவு 9.20

சண்டை போடாதீர்கள், அந்தப் பெண்ணுக்கு நாளைக்குத் தேர்வு.

வைகைக்கரை · ஜூன் 13, மாலை 4.00

தேர்வு முடிந்தது! நேற்று வெளியே வந்ததும் ஆற்றங்கரைக்குப் போய்ப் புல்லில் குப்புற விழுந்தேன். மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. முதுகு மட்டும் வெந்துவிட்டது.

முடிவெடுத்துவிட்டேன் என்று சொல்லத்தான் வந்தேன், ஆனால் ஒரு சோதனை. காலையில் புடவையை எடுத்துப் பார்த்தேன், மடிப்பு ஓரத்தில்கூட ஒன்றும் ஆகவில்லை. ரவிக்கைதான் கையே ஏறவில்லை. மூன்று ஆண்டு கல்லூரிச் சாப்பாடு, கடைசி இரண்டு மாதம் இரவு ஒரு மணிக்குச் சாப்பிட்ட நூடுல்ஸ், எல்லாம் புஜத்தில் தெரிகிறது. இங்கே புது ரவிக்கை தைக்க யார் இருக்கிறார்கள்?

மில்ரோடு_அக்கா · ஜூன் 13, மாலை 4.25

ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பார். நம் ஊர்த் தையற்காரர் என்றால் பக்கவாட்டில் இரண்டு, மூன்று வரிசைத் தையல் ஓடியிருக்கும். எல்லாம் உனக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறார். உள்வரிசையை மட்டும் பிரி. சிறிய கத்தரி, பொறுமை, நல்ல வெளிச்சம் போதும். கைப்பக்கமும் அப்படியே. துணியில் பழைய தையலின் ஊசித் துளை தெரியும். ஈரத் துணி வைத்து இஸ்திரி போட்டால் அடங்கிவிடும்.

வைகைக்கரை · ஜூன் 13, இரவு 7.50

மூன்று வரிசை இருந்தது!! ஒன்று பிரித்தேன், மூச்சுவிட முடிகிறது. இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, முனைவர் பட்டத்துக்கு ஆகும். மதுரையில் அந்தத் தையற்காரர் என்னைப் பற்றி என்ன நினைத்து மூன்று விட்டாரோ.

நாணல் · ஜூன் 14, இரவு 10.15

டிக்கெட் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் ஆராய்ச்சி மாணவர்கள் ஆறு பேர், சென்ற ஆண்டு ஒரு படகை எடுத்துக்கொண்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் பின்புறம் ஆற்றில் நின்றோம். எங்களைப்போல நூறு படகு. ஒன்றோடொன்று உரசி ஆறே தெரியவில்லை. மடியில் பிரியாணிப் பொட்டலம். இந்த மாதத்தில் சூரியன் மறையவே 9.20 தாண்டிவிடுகிறது என்பதால் இருட்டும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு வாணவேடிக்கை, தலைக்கு நேர் மேலே. உள்ளே இருப்பவர்கள் பார்ப்பதும் அதே வானம்தான். ஆளுக்குச் செலவு ஏழு பவுண்டு, அதில் நாலு பிரியாணி.

பழைய_கணக்கு · ஜூன் 14, இரவு 10.40

இந்தப் பிள்ளைக்கு ஒரு பரிசு கொடுங்கள்.

மில்ரோடு_அக்கா · ஜூன் 24, மாலை 3.00

நாளைக்குத்தானே? மறந்ததைச் சொல்கிறேன். வாசலில் கையில் ஒரு துணிப் பட்டை மாட்டுவார்கள், ஒருவழிக் கொக்கி, அறுத்தால்தான் கழலும். வளையல் போடாத கையை நீட்டு. நான் வளையல் கையை நீட்டிவிட்டு, மறுநாள் மதியம் வரை பன்னிரண்டு கண்ணாடி வளையலோடு தூங்கினேன். புகைப்படம் உள்ள அடையாள அட்டையையும் எடுத்துக்கொள். வரிசையில் நிற்பதற்குமுன் ஏதாவது சாப்பிடு. உள்ளே உணவு கொட்டிக் கிடக்கும், ஆனால் உள்ளே போக வேண்டுமே.

வைகைக்கரை · ஜூன் 26, மாலை 6.30

இப்போதுதான் எழுந்தேன். கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன்.

முதலில் பூ. யாழ்க்கிளி அக்கா சொன்னபடி முந்தாநாள் ஈஸ்ட் ஹாம் போய் இரண்டு முழம் வாங்கி வந்து, ஈரத் துணியில் சுற்றி, எங்கள் மாடிப்படிச் சமையலறைக் குளிர்பெட்டியில் வைத்தேன். யாரோ பால் வைக்க இடம் செய்து டப்பாவைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளியிருக்கிறார்கள். நேற்று மாலை திறந்தால் அத்தனையும் உறைந்து, கொதிநீரில் போட்டதுபோலப் பழுப்பாகக் கிடந்தது. வாசம் மட்டும் அப்படியே இருந்தது. அதனால்தான் அழுகை வந்தது.

ஐந்து மணிக்கு எல்லோரும் என் அறைக்கு வந்துவிட்டார்கள். நான் தயிர்சாதம் பிசைந்து வைத்திருந்தேன். ஐந்து பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்துக்கொண்டு, புது உடையில் படாமல் ஆளுக்கு ஒரு கிண்ணம். ஹாங்காங் பையன் ஊறுகாயைத் தனியாகவே சாப்பிட்டான். நைஜீரியத் தோழிக்குத் தங்க நிறக் கவுன்; பின்னால் கட்ட வேண்டிய முப்பது கொக்கிகளை நான் மாட்டினேன். அவள் எனக்குக் கண்மை தீட்டினாள். அவள் கை என் கன்னத்தில் ஊன்றியிருந்தது. "மூச்சு விடாதே" என்றாள், நானும் விடவில்லை. வேந்தன் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் டை கட்டிக்கொண்டிருந்தார். கொக்கு அண்ணாவின் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டே. கோட்டுதான் ஜெயித்தது, வேட்டியை வானிலை அறிக்கை தோற்கடித்தது.

ஆறரை மணிக்குப் புடவை. வேல்ஸ் தோழி இரண்டு நாள் பயிற்சி பெற்றவள். தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு மடிப்பாக நீவி, வாயில் மூன்று ஊக்கு கடித்துக்கொண்டு, "இன்னும் இடப்பக்கம், இன்னும்" என்று அதிகாரம் செய்தாள். அவள் பாட்டி ஆட்டு மந்தை வைத்திருப்பவராம், ஆட்டைப் பிடித்து ரோமம் கத்தரிப்பதைவிட இது எளிது என்றாள். ஏழு மடிப்பு, வாழைத்தண்டு மாதிரி நின்றது. கடைசி ஊக்கைக் குத்த வேண்டிய நேரம், அறைக்குள் மூன்று பேர் ஒரே சமயத்தில் தலைமுடிக்கு வாசனைப் புகை அடித்தார்கள். தீ எச்சரிக்கை மணி அலறியது.

மாடிப்படியில் இருந்த அத்தனை பேரும் முற்றத்துக்கு ஓட வேண்டும் என்பது விதி. நான் கொசுவத்தை வயிற்றோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முந்தானையைத் தூக்கிக்கொண்டு, மணப்பெண் ஊர்வலம் மாதிரி இறங்கினோம். முற்றத்தில் அறுபது பேர். பாதி முகம் மட்டும் சவரம் செய்த ஒருவன். கவுனுக்கு மேலே துண்டு போர்த்திய இரண்டு பேர். கோட்டும் டையும் கச்சிதமாக, கீழே அரைக்கால் சட்டையோடு ஒரு நெட்டையன். வாயில்காவலர் பட்டியலோடு வந்து எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த அறை?" என்று கேட்டார். ஐந்து பேரும் வானத்தைப் பார்த்தோம். அங்கேயே, எல்லோர் முன்னாலும், அவள் கடைசி ஊக்கைக் குத்தினாள். அது விடியும் வரை அசையவில்லை.

உள்ளே நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன், எல்லா பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்போல. வரிசை ஒன்றரை மணி நேரம். ஒலியில்லாத நடனக் கூடாரம், ஆளுக்கொரு காதொலிக் கருவி. வெளியே நின்று பார்த்தால் பைத்தியக்கார விடுதி. வாணவேடிக்கை. ஸ்காட்லாந்து நாட்டுப்புற நடனத்தில் ஆளை ஆள் சுழற்றி எறிகிறார்கள். புடவையில் ஆடலாம், இடுப்பு ஊக்கு ஒன்று போதாது, இரண்டு போடுங்கள். புடவை எத்தனை மீட்டர் என்று பதினொரு பேர் கேட்டார்கள். எண்ணினேன், கொக்கு அண்ணா. ஆறாவது ஆளுக்குப் பிறகு வேல்ஸ் தோழி பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், "ஐந்தரை. மடிப்பு என் கைவண்ணம்" என்று.

நாலரைக்கு மேல் சூரியன் எழுந்தது. ஐந்து மணிக்குப் புல்வெளியில் தாக்குப்பிடித்தவர்களின் புகைப்படம். சால்வையை மறந்துவிட்டேன், அறையிலேயே கிடந்தது. பல் நடுங்கியது. முந்தானை ஊக்குகளைக் கழற்றி விரித்தால் மூன்று பேருக்கு எட்டியது. வேந்தனின் டை கழுத்தில் அவிழ்ந்து தொங்கியது. அந்த ஒரு கணத்துக்காக முழு இரவும் காத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். பக்கத்துக் கிராமமான கிராண்ட்செஸ்டர் வரை படகில் போய்க் காலைச் சாப்பாடு என்று ஒரு வழக்கம் உண்டாம், எங்களுக்குப் படிக்கட்டு ஏறவே தெம்பில்லை.

வெள்ளவத்தை_வேந்தன் · ஜூன் 26, மாலை 7.05

மேலே எழுதியவை உண்மை. ஊறுகாய்க்காரர் நான்கு முறை சாப்பிட்டார் என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

பழைய_கணக்கு · ஜூன் 26, இரவு 8.00

கோப்பை கழுவுகிற பிள்ளைகள் இருந்தார்களா அம்மா?

வைகைக்கரை · ஜூன் 26, இரவு 8.15

இருந்தார்கள் ஐயா. இரண்டு மணிக்கு நானும் வேல்ஸ் தோழியும் பின்பக்கம் போனோம், உங்கள் கதை ஞாபகம் வந்து. எங்கள் துறைப் பையன் ஒருவன் நின்றிருந்தான். பேச நேரமில்லை அவனுக்கு, கை முழுக்க நுரை. ஒரு தட்டு நிறைய இனிப்பு வைத்துவிட்டு வந்தோம். கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருந்தது, இருவருக்கும்.

இப்போது அவசரக் கேள்வி. ஓர் அங்குலம் தூக்கிக் கட்டியும் பச்சைக் கரைக்கு மேலே, அரக்கில், ஒரு சாண் நீளத்துக்குப் புல் கறை. தண்ணீரில் அலசலாமா?

மில்ரோடு_அக்கா · ஜூன் 26, இரவு 8.20

தொடாதே! தண்ணீரும் வேண்டாம், சோப்பும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். சாயம் ஓடினால் கரையின் பச்சை அரக்கில் இறங்கிவிடும். நிழலில் காயவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, பட்டு என்று சொல்லி உலர்சலவைக்குக் கொடு. கறை எங்கே, என்ன கறை என்று சீட்டு எழுதிக் குத்திவிடு. வீட்டுக்கு எப்போது போகிறாய்?

வைகைக்கரை · ஜூன் 26, இரவு 8.32

ஆகஸ்ட். அதற்குள் கறை போகாவிட்டால் அம்மாவிடம் சாம்பார் கொட்டியது என்று சொல்லிவிடவா?

யாழ்க்கிளி · ஜூன் 26, இரவு 8.34

சாம்பார் பச்சையாகவா இருக்கும், பிள்ளை?

வைகைக்கரை · ஜூன் 26, இரவு 8.35

கீரைச் சாம்பார்.